தொற்றுநோய்க் கல்வியும் கைபேசி விளையாட்டும்

முன்னுரை

உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்துக் கூறுகிறார். செல்வம், புலன், புணர்வு என்னும் மூன்றனோடு நான்காவதாக அவர் வைத்திருப்பது விளையாட்டு. அவ்வுவகை அல்லல் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்னும் குறிப்பையும் அவர் சேர்த்தே தருகிறார். பிறர் துன்பத்தில் பிறக்கும் மகிழ்ச்சிக்கு அங்கே இடமில்லை என்று நாம் கொள்ளலாம்.

விளையாட்டைப் பொழுதுபோக்காக மட்டும் நம் முன்னோர் கருதியதில்லை. பரமபதப் படத்தை விரித்து வைத்துத் தாயம் உருட்டிய வீடுகளில், நற்செயல் ஏணியாயிற்று, தீச்செயல் பாம்பாயிற்று. எழுத்தறியாத குழந்தையும் ஏறியும் சறுக்கியும் வினையின் பயனை உணர்ந்துகொண்டது. இன்று அந்தப் பலகை சுருங்கி உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அதில் நம் பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் நாம் அறிவதில்லை.

கைபேசியைப் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கி வைப்பதா, அதன் வழியாகவே கற்பிப்பதா என்னும் வினா இன்று ஒவ்வொரு வீட்டிலும், ஆசிரியர் அறையிலும், ஊர் ஜமாஅத் பெரியவர்களின் பேச்சிலும் எழுந்து வருகிறது. அவ்வினாவைத் தொற்றுநோய்க் கல்வி என்னும் ஒரு துறையில் மட்டும் நிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கண்ணுக்குத் தெரியாத தொற்றுச் சங்கிலியைக் காட்டுவதில் விளையாட்டுக்கு இணையான கருவி அரிது. ஆயினும் கண்டதை நடத்தையாக மாற்றுவதற்கு விளையாட்டு மட்டும் போதாது, விளையாடியபின் நிகழும் உரையாடலே அதனை நிறைவு செய்கிறது என்பதே இங்கு நிறுவப்பெறும் கருத்தாகும்.

புலனாகாத மூன்று

மருத்துவம் என்பது நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் வாய்மொழி. காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் இந்நான்கு போதும். தொற்றுநோய்க்கோ ஐந்தாவது ஒருவரையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அவர் இன்னும் நோயுறாதவர். நோயாளியை ஒருவேளை அறியாதவர். பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருப்பவர்.

தொற்றுநோயைக் கற்பிப்பதில் உள்ள இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. இதில் மூன்று பொருள்கள் புலனுக்கு எட்டுவதில்லை. முதலாவது கிருமி. அதனை நுண்ணோக்கியில் காட்டிவிடலாம். இரண்டாவது காலம். கிருமி உடலில் புகுந்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு; அதனை நோய் அரும்பும் காலம் என்பர். 2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனா நோய்க்கு அது ஏறத்தாழ ஐந்து நாள். எச்.ஐ.வி. தொற்றிலோ உடல் நலிவு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம். மூன்றாவது, முன்னர்ச் சொன்ன அந்த மற்றொருவர். நான் செய்யும் செயலின் விளைவு எனக்கு நேராமல், என்றோ ஒருநாள், எங்கோ ஒருவருக்கு நேர்கிறது. இதனை எந்த நுண்ணோக்கியாலும் காட்ட முடியாது.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். நோயுற்ற ஒருவர் இருவருக்குத் தொற்றைக் கொடுக்கிறார். அவ்விருவரும் தலைக்கு இருவருக்குக் கொடுக்கின்றனர். இவ்வாறு பத்துத் தலைமுறை கடந்தால் பத்தாம் தலைமுறையில் மட்டும் 1,024 பேர் நோயுறுவர். அந்த இரண்டு ஒன்றரையாகக் குறைந்ததென்று கொள்வோம். அப்போது பத்தாம் தலைமுறையில் நோயுறுவோர் ஏறத்தாழ 58 பேர் மட்டுமே. அது ஒன்றாகக் குறைந்துவிட்டால் ஒருவர் மட்டுமே. தனிமனிதர் சிலர் சற்றே ஒதுங்கி இருப்பதனால் ஊர் எவ்வாறு பிழைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. எனினும் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது இது வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. தானே அச்சங்கிலியின் ஒரு கண்ணியாக நின்று பார்க்கும்போதுதான் மாணவர் திடுக்கிடுகின்றனர். அந்தத் திடுக்கீட்டைத் தரவல்லது விளையாட்டு.

கோலிக்குண்டிலிருந்து கைபேசிக்கு

தொற்றுநோயை விளையாட்டாக மாற்றிக் கற்பிக்கும் முறை கைபேசிக் காலத்தில் தோன்றியதன்று. அதன் வேர் நம் நாட்டு மண்ணையும் தொட்டு நிற்கிறது. 1905, 1906ஆம் ஆண்டுகளில் பம்பாய் நகரத்தைத் தாக்கிய பிளேக் நோயில் வாரந்தோறும் இறந்தோர் தொகையைக் கணித முறையால் விளக்கிக் காட்டினர் கெர்மக், மெக்கென்ட்ரிக் என்னும் இருவர். அவர்தம் புகழ்பெற்ற கட்டுரை 1927இல் வெளிவந்தது. இவர்களுள் மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலியிலிருந்த பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். மக்களை மூன்று கூட்டத்தாராக இவர்கள் பிரித்தனர். இனித் தொற்றுக்கு ஆளாகக் கூடியோர் ஒரு கூட்டம். தொற்று உடையோர் மற்றொரு கூட்டம். குணமடைந்தோ இறந்தோ பரவலினின்றும் நீங்கியோர் மூன்றாவது கூட்டம். இன்று வெளிவரும் நோய்ப்பரவல் விளையாட்டுகள் பலவற்றின் அடியிலும் இம்மூன்று கூட்டப் பகுப்பே ஏதேனும் ஒரு வடிவில் இயங்குகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரீட், ஃப்ராஸ்ட் என்னும் பேராசிரியர் இருவர் மாணவர்க்குக் கொள்ளைநோயின் போக்கைக் கற்பிக்க வண்ண உருண்டைகளைப் பயன்படுத்தினர். ஒரு வண்ணம் நோயுற்றோரையும், ஒரு வண்ணம் நோய்க்கு ஆளாகக் கூடியோரையும், ஒரு வண்ணம் எதிர்ப்பாற்றல் பெற்றோரையும் குறித்தது. எதிர்ப்பாற்றல் பெற்ற உருண்டைகள் இடையிடையே மிகுந்திருந்தால் நோய் உருண்டை மற்றவற்றை அடைவது அரிதாகிறது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர் தம்மை மட்டுமன்றித் தம் அண்டை வீட்டாரையும் காக்கிறார் என்னும் உண்மையைக் கோலிக்குண்டு போன்ற உருண்டைகளே விளக்கிவிட்டன.

கணினி விளையாட்டுலகில் 2005ஆம் ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்த ஒன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பல்லாயிரவர் ஒரே நேரத்தில் ஆடும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டில், ஓர் அரக்கனோடு பொருதுவோரை மட்டும் தாக்குவதற்காக ஒரு கற்பனை நோய் வைக்கப்பட்டிருந்தது. எதிர்பாராத வகையில் அது அவ்விடத்தை விட்டு வெளியேறி விளையாட்டின் நகரங்களுக்குள் பரவிவிட்டது. ஆடியவர்களுள் சிலர் அஞ்சி ஓடினர். சிலர் பிறரைக் குணப்படுத்த முன்வந்தனர். சிலர் வேண்டுமென்றே நோயைச் சுமந்துசென்று பரப்பினர். மனிதர் நெருக்கடியில் எவ்வாறு நடந்துகொள்வர் என்பதை அறிய இந்நிகழ்வு உதவும் என்று லாஃப்கிரன், ஃபெஃபர்மன் ஆகியோர் 2007இல் புகழ்பெற்ற மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் எழுதினர். உருண்டைகளுக்கு அச்சமில்லை, ஆசையில்லை, பொய்யில்லை. விளையாடும் மனிதர்க்கோ இவை யாவும் உண்டு என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

மட்டைப்பந்தும் எச்.ஐ.வி.யும்

கைபேசி வழியாகத் தொற்றுநோய் விழிப்புணர்வை ஊட்டும் முயற்சியில் இந்தியா பின்தங்கி நிற்கவில்லை என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தியாகும். 2005ஆம் ஆண்டு டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் நாளன்று, டெல்லியைச் சேர்ந்த இசட்.எம்.கியூ. என்னும் மென்பொருள் நிறுவனம் எச்.ஐ.வி. பற்றிய நான்கு கைபேசி விளையாட்டுகளை வெளியிட்டது. அக்காலக் கைபேசி சிறு திரையும் பொத்தான்களும் கொண்ட எளிய கருவி. தொடுதிரைப் பேசிகள் பரவாத காலம் அது.

அந்நான்கனுள் ஒன்று மட்டைப்பந்தாட்டம். மட்டையாளரை நோக்கி வரும் பந்துகள் தொற்றின் வழிகளையும் காப்பு முறைகளையும் உருவகமாகக் குறித்தன. மற்றொன்று ஓட்டப் பந்தயம், மற்றொன்று ஊர் ஊராகச் செய்தி கொண்டு செல்லும் தூது, இன்னொன்று வினாவிடை. நம் நாட்டு இளைஞர் எதில் மனம் தோய்ந்திருக்கின்றனரோ அதனையே பாடத்தின் வாயிலாக வைத்தமையே இம்முயற்சியின் சிறப்பு. பின்னர் இவ்விளையாட்டுகள் ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றுக்கும் கொண்டு செல்லப்பட்டன.

இதன் தேவையை உணர ஒரு செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல் நம் சென்னையில்தான். அந்நாள் தொட்டு அந்நோயைப் பற்றிப் பேசக் கூசும் மரபும் உடன்வளர்ந்தது. தந்தை மகனிடம் பேசுவதில்லை. ஆசிரியர் அப்பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிக் கடந்துவிடுவர். பேசாமையின் பயன் இரண்டு. ஒன்று, இளைஞர் அறியாமையால் தொற்றுக்கு ஆளாகின்றனர். மற்றொன்று, தொட்டாலும் உடன் உண்டாலும் பரவாத நோய்க்காக நோயாளியை ஊரே ஒதுக்கி வைக்கிறது. பெரியோர் கூசி நின்ற இடத்தில் ஒரு சிறு கருவி வாய்திறந்து பேசியது. அதனை நாம் குறையாகக் கருதலாம். ஆனால் அக்குறை கருவியினுடையதன்று, நம்முடையது.

கிருமியாக நின்று ஆடுதல்

இளைஞரிடையே பெரிதும் பரவிய நோய் விளையாட்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வான் என்பவர் உருவாக்கி 2012ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘பிளேக் இன்க்.’ ஆகும். இதில் ஆடுவோர் மருத்துவராக நிற்பதில்லை, கிருமியாக நிற்கின்றனர். உலகப் படத்தில் ஒரு நாட்டைத் தேர்ந்து, அங்கே முதல் நோயாளியை உண்டாக்கி, நீர் வழியாகவோ காற்று வழியாகவோ பறவை வழியாகவோ பரவும் ஆற்றலைப் பெருக்கி, மருந்து கண்டுபிடிக்கப்படுமுன் மாந்தர் இனத்தையே அழிப்பது ஆட்டத்தின் இலக்கு.

கேட்ட அளவிலேயே பெரியோர் முகம் சுளிப்பர், அது இயல்பே. அல்லல் நீங்கிய உவகையே உவகை என்ற நம் இலக்கண மரபு இதனை எங்ஙனம் ஏற்கும் என்று வினவுவர். ஆயினும் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2013இல் வான் அவர்களைத் தம்மிடம் வந்து உரையாற்ற அழைத்தது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிருமியாக நின்று ஆடும் மாணவர் சில உண்மைகளைத் தாமே கண்டுகொள்கின்றனர். கொடிய அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே காட்டும் நோய் விரைவில் கண்டுபிடிக்கப்பட்டு அடக்கப்படுகிறது. ஓசையின்றிப் பரவும் நோயே பேரழிவைத் தருகிறது. வானூர்தி நிலையங்களும் துறைமுகங்களும் மிகுந்த நாடு விரைவில் நோய்க்கு ஆளாகிறது. மருத்துவ வசதி குன்றிய ஏழை நாடு முதலில் வீழ்கிறது. பகைவன் பாசறையில் நின்று பார்த்தவனுக்கே தன் கோட்டையின் விரிசல்கள் தெரியவரும்.

2020ஆம் ஆண்டு சனவரியில் கொரோனா நோய்ச் செய்திகள் பரவத் தொடங்கியபோது உலகெங்கும் பலர் இவ்விளையாட்டைத் தேடிச் சென்றனர். அப்போது அதனை வெளியிட்டோர், இது விளையாட்டே அன்றி அறிவியல் கணிப்பு அன்று என்றும், நோய் பற்றிய செய்திகளுக்கு உரிய நலவாழ்வு அமைப்புகளையே நாடுக என்றும் வெளிப்படையாக அறிவித்தனர். தம் பண்டத்தின் எல்லையைத் தாமே சொன்ன அந்நேர்மை பாராட்டற்குரியது. அதே ஆண்டு நவம்பரில், ஆட்டத்தைத் தலைகீழாக்கி, கிருமியை எதிர்த்து உலகைக் காக்கும் புதிய வடிவத்தையும் அவர்கள் வெளியிட்டனர். அதில் நோயாளிகளைக் கண்டறிதல், போக்குவரவைக் கட்டுப்படுத்தல், தடுப்பூசி உருவாக்கல் ஆகியவற்றோடு, மக்களின் நம்பிக்கையை இழந்துவிடாமல் காத்தலும் ஆடுவோரின் கடமையாகும். நம்பிக்கை போனால் நல்ல திட்டமும் தோற்கும் என்பதை இளைஞர் அங்கே கற்றுக்கொள்கின்றனர்.

பள்ளி வளாகமே ஆடுகளமாக

மேற்கூறிய விளையாட்டுகளில் மாணவர் திரையை நோக்கிக் குனிந்திருக்கின்றனர். திரையிலிருந்து தலையை நிமிர்த்தச் செய்த ஒரு முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா நகரப் பள்ளி ஒன்றும், 2014ஆம் ஆண்டு எபோலா நோயின் மரபணுக்களை ஆராய்ந்த பேராசிரியர் பார்டிஸ் சபெட்டியின் ஆய்வுக்குழுவும் இணைந்து உருவாக்கிய ‘ஆபரேஷன் அவுட்பிரேக்’ என்பது அது.

இதன் அமைப்பு எளியது. மாணவர் தத்தம் கைபேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு பள்ளி வளாகத்தில் வழக்கம்போல் நடமாடுகின்றனர். ஓரிருவர் கைபேசியில் மட்டும் கற்பனைக் கிருமி இருக்கும். இருவர் அருகருகே வந்தால் புளூடூத் அலைகளின் வழியாக ஒரு கைபேசியிலிருந்து மற்றொன்றுக்கு அக்கிருமி தாவக்கூடும். முகக்கவசம், தடுப்பூசி ஆகியவற்றையும் கற்பனையாகப் பெற்றுக்கொள்ளலாம். மாணவருள் சிலர் அரசாகவும், சிலர் மருத்துவராகவும், சிலர் நோய்ப்பரவலை ஆய்வோராகவும், சிலர் செய்தியாளராகவும் நிற்பர். தொடக்கத்தில் கைபேசியின்றி ஒட்டுத்தாள்களைக் கொண்டே இது நடத்தப்பட்டது. கொரோனா நோய் தோன்றுவதற்கு முன்பே இப்பயிற்சி நடைபெற்று வந்தது என்பதும், இதன் விளக்கம் 2020இல் ‘செல்’ என்னும் அறிவியல் ஆய்விதழில் வெளிவந்தது என்பதும் நோக்கற்பாலன.

இதன் பயன் ஆட்டம் முடிந்தபின் வெளிப்படுகிறது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்று சென்றது என்னும் சங்கிலி முழுவதையும் படமாக வரைந்து காட்டலாம். தன் கைபேசி தனக்குத் தெரியாமலே பலருக்கு நோயைக் கொடுத்திருப்பதைக் காணும் மாணவருக்கு ஐந்தாம் கூறாகிய அந்த மற்றொருவர் முகத்தோடும் பெயரோடும் கண்முன் நிற்கிறார்.

ஆய்வுகள் உணர்த்துவன

விளையாட்டால் அறிவு பெருகுகிறதா, நடத்தை மாறுகிறதா என்னும் வினாவை நெஞ்சறிந்து எழுப்புதல் வேண்டும். ஆர்வம் மிகுதியால் இல்லாத பயனை ஏற்றிச் சொல்லுதல் கல்வியாளர்க்கு அழகன்று. மூன்று ஆய்வுகளை இங்குக் காண்போம்.

முதலாவது, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் எச்.ஐ.வி. தடுப்புக்காக உருவாக்கிய ‘பிளே ஃபார்வர்டு’ என்னும் கைக்கணினி விளையாட்டு. 11 முதல் 14 வயது வரையிலான 333 சிறார் இவ்வாய்வில் பங்கேற்றனர். முடிவு 2017இல் வெளிவந்தது. இதனை ஆடியவர்க்கு, வேறு விளையாட்டுகளை ஆடியவரைவிட அறிவும் நல்ல மனப்பாங்கும் மிகுந்திருந்தன. ஆனால் பாலுறவைத் தள்ளிப்போடுதல் என்னும் நடத்தையில் இரு குழுவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டாவது, கென்யா நாட்டின் கிசுமு பகுதியில் 2017இல் சோதித்துப் பார்க்கப்பட்ட ‘துமைனி’ என்னும் கைபேசி விளையாட்டு. சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்கு நம்பிக்கை என்பது பொருள். 60 சிறாருள் 30 பேர் 16 நாள்கள் இதனை ஆடினர். ஆடியவரிடம் அறிவும், தம்மால் தம்மைக் காத்துக்கொள்ள இயலும் என்னும் உறுதியும் உயர்ந்தன. உள்ளூர் வாழ்க்கையிலிருந்தே கதைமாந்தரையும் நிகழ்ச்சிகளையும் படைத்தமை இதன் வலிமையாகும்.

மூன்றாவது, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த மேரி ஃபிளனகன் குழுவினர் 2011இல் உருவாக்கிய ‘பாக்ஸ்’ என்னும் தடுப்பூசி விளையாட்டு. இதனை அட்டைப் பலகையிலும் கைக்கணினியிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் அமைத்து ஒப்பிட்டனர். திரையில் ஆடியோர் விரைந்து ஆடினர். தமக்குள் குறைவாகவே பேசிக்கொண்டனர். பலகையைச் சுற்றி அமர்ந்து ஆடியோரோ நின்று நிதானித்துக் கலந்து பேசினர். நோய்ப்பரவலின் முழு அமைப்பையும் புரிந்துகொள்வதில் அவர்களே மேம்பட்டு நின்றனர்.

இம்மூன்றும் சேர்ந்து உணர்த்துவது யாது? விளையாட்டு அறிவைத் தருகிறது. மன உறுதியையும் தரக்கூடும். ஆனால் அறிவிலிருந்து ஒழுக்கத்துக்குச் செல்லும் வழி தானாகத் திறப்பதில்லை. ஒரே விளையாட்டாயினும் பேச்சு மிகுந்த இடத்தில் கல்வி ஆழ்ந்தது. எனவே கைபேசியை மாணவர் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்வாராயின் பாதிப் பாடமே நடந்ததாகும்.

கருதற்குரிய தீங்குகள்

பெரியோர் கொள்ளும் அச்சத்தைப் புறந்தள்ளுதல் முறையன்று. கட்டுப்பாடின்றி விளையாட்டில் மூழ்கி வாழ்வின் பிற கடமைகளை இழத்தலை உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்கப்பெற்ற தன் நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகவே சேர்த்துள்ளது. மேலும், நம் வீடுகள் பலவற்றில் கைபேசி ஒன்றே. அது மகனின் கைக்குச் செல்லும் அளவுக்கு மகளின் கைக்குச் செல்வதில்லை. கைபேசி உள்ளவர்க்கு மட்டும் பாடம் என்றால் கல்வியில் புதியதொரு ஏற்றத்தாழ்வு தோன்றும்.

மற்றொரு தீங்கு வதந்தி. பாடம் வரும் அதே கருவியில்தான் பொய்யும் வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கரும்பிளேக் பரவியபோது, கிணறுகளில் நஞ்சிட்டனர் என்னும் பொய்ப்பழி யூதர்மீது சுமத்தப்பட்டது, பலர் கொல்லப்பட்டனர். 2020இலும் ஒரு நாட்டாரின் முகத்தோடும், நம் நாட்டில் ஒரு சமயத்தாரின் பெயரோடும் நோயைச் சேர்த்துப் பேசிய செய்திகள் கைபேசி வழியே பரவியதை நாம் கண்டோம். அந்நோவை அறிந்தவர்க்குத் தொற்றுநோய்க் கல்வி வெறும் உடல்நலப் பாடமன்று. அது நீதிப் பாடமுமாகும். கிருமி நெருக்கத்தைப் பார்க்கிறது, பெயரைப் பார்ப்பதில்லை. தொற்றுச் சங்கிலியைத் தானே வரைந்து பார்த்த மாணவர் பழிச்சொல்லை எளிதில் நம்பமாட்டார் என்று எதிர்பார்க்கலாம்.

இவ்வதந்தியை எதிர்க்கவும் விளையாட்டே கருவியாகியுள்ளது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் பிரிட்டன் அரசின் துணையோடு 2020 அக்டோபரில் ‘கோ வைரல்’ என்னும் ஐந்து நிமிட விளையாட்டை வெளியிட்டனர். அதில் ஆடுவோரே வதந்தி பரப்புவோராக நின்று, அச்சமூட்டும் சொற்கள், போலி வல்லுநர், சூழ்ச்சிக் கதை ஆகியவை எவ்வாறு புனையப்படுகின்றன என்பதைச் செய்து பார்க்கின்றனர். சிறிதளவு கிருமியைச் செலுத்தி எதிர்ப்பாற்றலை வளர்க்கும் தடுப்பூசியின் நெறியே இங்கு உள்ளத்துக்கும் பின்பற்றப்பட்டுள்ளது.

வகுப்பறைக்கு ஒரு வழி

இனி, செயலுக்குரிய ஒரு வழியைக் கூறி அமைவோம். கைபேசி இல்லாமலே இதனைத் தொடங்கலாம். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஆளுக்கொரு மடித்த தாள் கொடுக்கப்படுகிறது. ஒரே ஒரு தாளில் மட்டும் உள்ளே ஒரு புள்ளி. யாரும் பிரித்துப் பார்த்தல் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவரும் ஒருவரைச் சந்தித்து அவர் பெயரைத் தம் தாளின் வெளிப்புறத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளல் வேண்டும். ஐந்து சுற்று முடிந்தபின் தாள்களைப் பிரித்து, புள்ளியுள்ளவரை முதல் நோயாளியாகக் கொண்டு, யார் யாருக்குத் தொற்று சென்றது என்று கரும்பலகையில் வரைதல் வேண்டும். முதற்சுற்றில் இருவர், அடுத்து நால்வர் என வளர்ந்து ஐந்தாம் சுற்றில் 32 பேர் வரை தொற்று எட்டியிருக்கும். அடுத்த முறை ஆடும்போது பாதிப் பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர், அவர்களால் தொற்றைப் பெறவோ கொடுக்கவோ இயலாது என்று வைத்துக்கொண்டு மீண்டும் வரைந்து இரு படங்களையும் ஒப்பிடலாம்.

அதன்பின் கைபேசி விளையாட்டை, நால்வர்க்கு ஒன்றாக, இருபது நிமிடம் என்னும் வரையறையோடு அளிக்கலாம். நால்வர் கூடி ஒன்றில் ஆடும்போது கைபேசி இல்லாதவர் என்னும் குறை நீங்கும். பேச்சும் தானே பிறக்கும். இறுதியில் மூன்று வினாக்கள் போதும். விளையாட்டு காட்டியவற்றுள் உண்மையோடு ஒத்தது எது? எது மிகைப்படுத்தப்பட்டது அல்லது விடப்பட்டது? நம் ஊரில் இது நேர்ந்தால் முதலில் இடர்ப்படுவோர் யார்? மூன்றாவது வினாவுக்கு விடை தேடும் மாணவர் தம் தெருவில் தனித்து வாழும் முதியவரை, நாட்கூலிக்குச் செல்லும் தாயை நினைத்துப் பார்ப்பர். அந்நினைவே இப்பாடத்தின் பயன்.

இதில் தமிழ்த்துறையினர்க்கு ஒரு தனிக் கடமை உண்டு. மேலே கண்ட விளையாட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே நம்மை வந்தடைகின்றன. கிசுமுவின் சிறார் தம் வாழ்க்கையைத் திரையில் கண்டதுபோல் நம் சிறாரும் தம் ஊர்ச் சந்தையை, தம் பள்ளியைத் தமிழில் காணல் வேண்டும். கலைச்சொற்கள் இல்லையென்று எவரும் தயங்க வேண்டுவதில்லை. பெருந்தொற்று, நோய் அரும்பும் காலம், தனிமைப்படுத்தல், நச்சுயிரி முதலான சொற்கள் கொரோனாக் காலத்தில் நாளிதழ்களில் புழங்கிப் பாமரர்க்கும் பழகிவிட்டன. கணினித்துறை மாணவர் நிரல் எழுத, விலங்கியல்துறை மாணவர் நோயின் இயல்பை உரைக்க, தமிழ்த்துறை மாணவர் கதையும் உரையாடலும் புனைந்தால் ஒரு கல்லூரிக்குள்ளேயே அத்தகைய விளையாட்டு ஒன்று உருவாகிவிடும்.

முடிவுரை

பெரியம்மை என்னும் கொடுநோய் உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இளம்பிள்ளைவாதத்தின் இறுதி நோயாளி 2011 சனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் நம் நாடு அந்நோயினின்றும் விடுபட்டதாகச் சான்று பெற்றது. இவ்வெற்றிகள் மருந்தால் மட்டும் வந்தவையல்ல. வீடு வீடாகச் சென்று, ஐயங்கொண்ட தாய்மாரோடு அமர்ந்து பேசி, நம்பிக்கையைப் பெற்ற எளிய பணியாளர்களால் வந்தவை. எந்தக் கருவி வந்தாலும் அந்தப் பேச்சுக்கு மாற்று இல்லை.

கைபேசி விளையாட்டு கண்ணுக்குத் தெரியாத சங்கிலியைக் காட்டும். அச்சங்கிலியில் தான் எந்தக் கண்ணி என்பதை மாணவர்க்கு உணர்த்தும். அதனை அறுப்பதற்குரிய பொறுப்புணர்வை ஊட்ட வேண்டியவர் ஆசிரியரும் பெற்றோரும் ஊர்ப் பெரியோருமே. ஆதலின், பிள்ளைகளின் கையிலுள்ள கைபேசியைப் பிடுங்கு முன் அவர்கள் அருகில் சற்றே அமர்ந்து, என்ன ஆடுகிறாய் என்று கேட்போம். அவர்கள் சொல்வதைக் கேட்டபின், அந்த ஆட்டத்தில் நோயுற்று வீழ்ந்தவர் யார், அவரைக் காத்திருக்க இயலுமா என்று இன்னொரு வினாவையும் கேட்போம். அல்லல் நீங்கிய உவகை அவ்வினாவிலிருந்தே தொடங்கும்.